மீண்டும் மீண்டும் கேட்கும் உலாவி

வினா ஆறு வகைப்படும் என்றார் நன்னூலார். அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என்பன அவை. மாணவன் அறிந்துளனோ என்று காண ஆசிரியன் வினவுவது அறிவினா. பொருள் விளங்காத மாணவன் ஆசிரியனை வினவுவது அறியாவினா. பொருள் கொள்ள விரும்பி வணிகனிடம் ‘அரிசி உளதோ?’ என்பது கொளல்வினா. ‘தம்பி, பாடம் படித்தாயா?’ என்று கேட்கும் முகத்தாற் படிக்குமாறு தூண்டுவது ஏவல்வினா. சொல்லின் வடிவம் எதுவாயினும், கேட்பவரது உள்ளக் கருத்தே வினாவின் வகையை முடிவு செய்கின்றது.

இவ்விலக்கணத்தை மனத்திற் கொண்டு நம் கணிப்பொறியின் திரையைச் சற்றே நோக்குவோம். இணைய உலாவி ஒன்றைத் திறந்த அளவில், ‘என்னை உமது இயல்பு உலாவியாக வைத்துக்கொள்வீரா?’ என்று ஒரு சிறு கட்டம் எழுந்து கேட்கின்றது. வேண்டா என்கின்றோம். கட்டம் மறைகின்றது. சின்னாள் கழிந்து மீண்டும் அதே கட்டம், அதே கேள்வி. மீண்டும் வேண்டா என்கின்றோம். கேட்பதும் மறுப்பதும் இவ்வாறு முடிவின்றித் தொடர்கின்றன. இக்கேள்வி எங்ஙனம் பிறந்தது, ஏன் ஓயவில்லை, அதனை ஓய்விக்கும் வழி யாது என்னும் மூன்றனையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

உலாவியும் இயல்பு உலாவியும்

உலாவி என்பது வலைப் பக்கங்களைத் தேடிக் கொணர்ந்து நம் கண்முன் விரித்துக் காட்டும் மென்பொருள். இதன் முதல் வடிவத்தை 1990-ஆம் ஆண்டில் ஆக்கியவர் டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேய அறிஞர். ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள சேர்ன் என்னும் அணு ஆராய்ச்சி நிலையத்தில் அவர் அப்பொழுது பணியாற்றி வந்தார். அன்று உலாவி ஒன்றே. இன்றோ குரோம், எட்ஜ், பயர்பாக்ஸ், சபாரி, ஆப்பெரா எனப் பல உலாவிகள் வழங்குகின்றன. ஒரே கணிப்பொறியில் மூன்றும் நான்கும் ஒருங்கே இருத்தலும் உண்டு.

பல இருப்பின் ஒரு சிக்கல் எழுகின்றது. நண்பர் ஒருவர் விடுத்த மின்னஞ்சலில் ஒரு வலைப் பக்கத்தின் இணைப்பு இருக்கின்றது என்று கொள்வோம். அதனை அழுத்தினால் எந்த உலாவி திறத்தல் வேண்டும்? ஒரு வீட்டிற் பிள்ளைகள் பலர் இருக்க, வாயிலில் அஞ்சற்காரர் வந்து அழைத்தால் எழுந்து சென்று கடிதம் வாங்குவார் யார் என்பது முன்னமே வகுக்கப்பட்டிருத்தல் நலம். இல்லையேல் எல்லாரும் ஓடுவர், அன்றி ஒருவரும் ஓடார். அங்ஙனம் எழுந்து செல்லுமாறு முன்னமே குறிக்கப்பட்ட பிள்ளை போன்றதே இயல்பு உலாவி. பிற உலாவிகள் நாமே திறந்தால் அன்றித் திறவா.

இதனை இயல்புநிலை உலாவி என்றும், முன்னிருப்பு உலாவி என்றும் தமிழில் வழங்குவர். இயல்பு என்னும் சொல் நமக்குப் புதிதன்று. நிலைமொழியும் வருமொழியும் எவ்வகை மாற்றமும் இன்றிச் சேர்வதை இயல்பு புணர்ச்சி என்கின்றோம். ஆண்டு இயல்பு என்பது தானே அமைவது. உலாவியின் ‘இயல்போ’ தானே அமைவதன்று; ஒருவர் வைத்தமையால் வந்தது. கணிப்பொறியை விற்றவர் வைத்திருக்கலாம், இயங்குதளத்தை ஆக்கியவர் வைத்திருக்கலாம், நாமே வைத்திருக்கலாம். ஆதலின், முன்னே வைக்கப்பட்டிருத்தல் என்னும் பொருள் தரும் முன்னிருப்பு என்பதே உண்மைக்கு அணித்தான பெயர் எனத் தோன்றுகின்றது. வைத்தவர் யார் என்பதே இங்கு எழும் வழக்குகளுக்கெல்லாம் வேர்.

இரண்டு ஏடுகள்

உலாவி எதனைப் பார்த்து இக்கேள்வியைக் கேட்கின்றது என்பதை அறிந்தால் ஓய்விக்கும் வழி எளிதிற் புலப்படும். இதன்கண் இரண்டு ஏடுகள் உள்ளன என்று உருவகமாகக் கொள்வோம்.

முதலாவது, இயங்குதளத்தின் ஏடு. விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு முதலிய இயங்குதளம் ஒவ்வொன்றும், எச்.டி.டி.பி., எச்.டி.டி.பி.எஸ். என்று தொடங்கும் முகவரிகளையும் எச்.டி.எம்.எல். வகைக் கோப்புகளையும் எம்மென்பொருள் திறத்தல் வேண்டும் என்று தன் ஏட்டிற் குறித்து வைத்துள்ளது. உலாவி தொடங்கும்போது அவ்வேட்டைப் புரட்டிப் பார்க்கின்றது. தன் பெயர் அதில் இருப்பின் வாளா இருக்கின்றது. இல்லாவிடிற் கேட்கலாமா என்று எண்ணுகின்றது.

இரண்டாவது, உலாவி தனக்கென வைத்துள்ள குறிப்பேடு. பயனரின் விருப்பங்கள் இதிற் பதியப்படுகின்றன. எழுத்தின் அளவு, முதற் பக்கம் முதலியவற்றோடு, ‘இயல்பு உலாவி நானா என்று சோதிக்க வேண்டுமா?’ என்பதும் இதிற் குறிக்கப்படுகின்றது.

எனவே கேள்வி முறைப்படி ஓய்வதற்கு வழி இரண்டே. முதலேட்டில் அவ்வுலாவியின் பெயரை எழுதுதல் ஒன்று. இரண்டாம் ஏட்டில் ‘சோதிக்க வேண்டா’ என்று எழுதுதல் மற்றொன்று. கட்டத்தில் உள்ள ‘இப்பொழுது வேண்டா’ என்னும் விடையை அழுத்தும்போது நிகழ்வது யாது? முதலேடு சிறிதும் மாறுவதில்லை. இரண்டாம் ஏட்டிலும், சோதனையை அடியோடு நிறுத்துமாறு ஒன்றும் எழுதப்படுவதில்லை. மிகின், இன்ன நாளிற் கேட்டோம் என்னும் குறிப்பு ஏறும். மறுத்தோம் என்று நாம் எண்ணுகின்றோம். ஒத்திவைத்தோம் என்று உலாவி எண்ணுகின்றது. ஓயாத தொல்லை முழுதும் இவ்வொரு வேறுபாட்டினின்று பிறப்பதே.

கேள்வி பிறந்த வரலாறு

இக்கேள்வியைப் பழிப்பதற்கு முன் இதன் பிறப்பை அறிதல் நேர்மை. 1993-இல் அமெரிக்க நாட்டு இல்லினாய் பல்கலைக் கழகத்தில் மொசேயிக் என்னும் உலாவி தோன்றிற்று. 1994-இல் நெட்ஸ்கேப் வந்தது. 1995-இல் மைக்ரோசாப்ட் கம்பெனியார் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் என்பதை வெளியிட்டனர். போட்டி மூண்டது. அக்காலத்து விண்டோஸில் முதலேட்டிற்குப் பூட்டு இல்லை. எந்த மென்பொருளும் அதனுட் புகுந்து தன் பெயரை எழுதிக்கொள்ளக் கூடும். புதிதாக வந்த உலாவி பழைய உலாவியின் இடத்தைக் கேளாமலே கவர்ந்துகொள்ளலாம். பழையது மறுமுறை திறக்கப்படும்போது தன் இடம் போயிற்று என்று கண்டு, தானும் கேளாமலே திரும்பப் பறிக்கலாம். இந்நிலையில், பறிக்காமற் கேட்பது ஒரு பண்பாடாக வந்தது. இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் பழைய கேள்விக் கட்டத்தின் அடியில், ‘தொடங்குந்தோறும் இதனைச் சோதிக்க’ என்னும் பொருள்பட ஒரு சிறு சதுரமும் இருந்தது. அதிலுள்ள குறியை நீக்கினாற் கேள்வி ஓயும். கேட்கும் இடத்திலேயே மறுக்கும் வழியும் இருந்தது என்பது கருதத்தக்கது.

1998-ஆம் ஆண்டு மே மாதம் ஐக்கிய அமெரிக்க அரசும் பல மாநிலங்களும் மைக்ரோசாப்ட் மீது தனியுரிமை வழக்குத் தொடுத்தன. 1999 நவம்பரில் நீதிபதி தாமஸ் பென்பீல்டு ஜாக்சன் வெளியிட்ட முடிவுகளில், பயனர் வேறோர் உலாவியை இயல்பாகக் குறித்திருந்தும் விண்டோஸ் 98 சில இடங்களில் அவ்விருப்பத்தை மீறித் தன் உலாவியையே திறந்தது என்பதும் ஒன்று. 2001-இல் மேன்முறையீட்டு மன்றம், அச்செயலுக்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு என்று கம்பெனியார் கூறியதை எதிர்த்தரப்பார் மறுத்துக் காட்டவில்லை என்று சொல்லி, அதன் பொருட்டுப் பொறுப்புச் சுமத்தவில்லை. எனினும் வேறு பல செயல்களால் கம்பெனியார் தம் தனியுரிமையைச் சட்டத்திற்கு மாறாகக் காத்தனர் என்பதை அம்மன்றம் உறுதி செய்தது.

ஐரோப்பாவில் வேறொரு வழி காணப்பட்டது. 2009 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையத்திற்குக் கொடுத்த வாக்குறுதிப்படி, 2010 மார்ச்சு முதல் மைக்ரோசாப்ட் ஒரு தேர்வுத் திரையை அமைத்தது. பன்னிரண்டு உலாவிகளின் பெயர்கள் அதிற் காட்டப்பட்டன. வேண்டியதைப் பயனர் தெரிந்துகொள்ளலாம். ஆயின் 2011 மே முதல் 2012 ஜூலை வரை விண்டோஸ் 7-இன் ஒரு பதிப்பில் அத்திரை காட்டப்படவில்லை. தொழில்நுட்பப் பிழை என்றது கம்பெனி. ஏறத்தாழ ஒரு கோடியே ஐம்பது இலட்சம் பயனர் அத்தேர்வை இழந்தனர் என்று கணித்த ஆணையம், 2013 மார்ச்சில் 56 கோடியே 10 இலட்சம் யூரோ அபராதம் விதித்தது. ஒரு சிறு திரையைக் காட்டாமைக்கு இத்துணைப் பெருந்தண்டம் விதிக்கப்பட்டது எனின், இயல்பு உலாவியின் விலையை உய்த்துணரலாம்.

இதற்கிடையே முதலேட்டிற்குப் பூட்டு வந்தது. 2012-இல் வெளியான விண்டோஸ் 8 முதல், பயனர் தெரிந்த உலாவியின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு மறை முத்திரையும் பதியப்படுகின்றது. மென்பொருள் தானே புகுந்து பெயரை மாற்றினால் முத்திரை பொருந்தாது. பொருந்தாவிடின் அம்மாற்றம் செல்லாது. 2015 ஜூலையில் விண்டோஸ் 10 வெளிவந்தபோது, பயனரே அமைப்புப் பக்கத்திற்குச் சென்று மாற்ற வேண்டும் என்று வகுக்கப்பட்டது. பயர்பாக்ஸை வெளியிடும் மொசில்லாவின் தலைவராக அப்பொழுது இருந்த கிறிஸ் பியர்டு, பயனரின் முந்திய விருப்பம் இதனால் அழிகின்றது என்று மைக்ரோசாப்ட் தலைவர் சத்ய நாதெள்ளாவுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11 இதனினும் கடுமையாயிற்று. ஒவ்வொரு கோப்பு வகைக்கும் தனித்தனியே உலாவியை மாற்ற வேண்டியிருந்தது. குறை கூறுவார் பலராகவே, 2022 மார்ச்சில் ஒரே பொத்தானால் மாற்றும் வழி திரும்ப அளிக்கப்பட்டது.

இவ்வரலாற்றால் நாம் அறிவது, கேளாமற் கவர்தல் ஒரு பிழை. அப்பிழைக்கு மருந்தாகவே கேள்வி வந்தது என்பதாம். பூட்டு வந்தபின் உலாவிக்குக் கேட்பதைத் தவிர வேறு வழி இல்லை. ஆதலின் கேட்டலைக் குற்றம் என்னோம். கேட்டபின் பெற்ற விடையை மறத்தலே குற்றம்.

மறவாமற் கேட்பதன் காரணம்

உலாவிகளிற் பெரும்பாலன நமக்கு விலையின்றிக் கிடைப்பவை. விலையில்லாத பொருளை நாம் பயன்படுத்துவதில் அவற்றை ஆக்குவோருக்கு இத்துணை ஆர்வம் ஏன்? உலாவியோடு தேடுபொறி வருகின்றது. தேடுபொறியோடு விளம்பரம் வருகின்றது. விளம்பரத்தோடு வருவாய் வருகின்றது. இயல்பாக வைக்கப்பட்டதை மாற்றாமல் விட்டுவிடுவதே மக்கள் வழக்கம். ஆகவே அவ்விடத்தைப் பெறுவோர் பெரும் பயன் பெறுகின்றனர்.

இதற்குச் சான்று நீதிமன்றத்திலேயே வெளிவந்துள்ளது. 2020-இல் அமெரிக்க அரசு கூகிள் மீது தொடுத்த வழக்கில், பல உலாவிகளிலும் தொலைபேசிகளிலும் தன் தேடுபொறியே இயல்பாக இருத்தற்பொருட்டு அக்கம்பெனி 2021-ஆம் ஆண்டில் மட்டும் 2,630 கோடி டாலர் கொடுத்தது என்பது வெளிப்பட்டது. சபாரி உலாவியில் அவ்விடம் பெறுதற்கு ஆப்பிள் கம்பெனிக்கு 2022-இல் கொடுத்தது மட்டும் ஏறத்தாழ 2,000 கோடி டாலர். 2024 ஆகஸ்டு 5-ஆம் நாள் நீதிபதி அமித் மேத்தா, தேடுபொறித் தொழிலிற் கூகிள் தன் தனியுரிமையைச் சட்டத்திற்கு மாறாகக் காத்தது என்று தீர்ப்பளித்தார். 2025 செப்டம்பரில் அவர் வழங்கிய பரிகாரத் தீர்ப்பில், குரோமை விற்றுவிடுமாறு பணிக்கவில்லை. ஆயின் பிறரை விலக்கும் தனி ஒப்பந்தங்களைத் தடுத்தார்.

தேடுபொறியின் இடத்திற்கு இவ்விலை எனின், அத்தேடுபொறியைத் தாங்கி வரும் உலாவியின் இடம் எளியதாகுமோ? ‘என்னை வைத்துக்கொள்வீரா?’ என்பது நம் வசதி நாடி எழுந்த ஐயவினா அன்று. நம் இசைவைக் கொள்ள விரும்பும் கொளல்வினா. பன்முறை கேட்கப்படும்போது அதுவே ஏவல்வினாவாக மாறிவிடுகின்றது.

ஓய்விக்கும் வழி

இனி, ஓய்விக்கும் வழிகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதற்கண், நமக்கு வேண்டிய உலாவியை இயங்குதளத்தின் ஏட்டிற் குறித்தல் வேண்டும். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸைத் திறந்து, ஆப்ஸ் என்பதனுள் டிஃபால்ட் ஆப்ஸ் என்னும் பகுதிக்குச் சென்று, வேண்டும் உலாவியின் பெயரைத் தெரிந்து, மேலேயுள்ள ‘செட் டிஃபால்ட்’ பொத்தானை அழுத்துக. மேக் கணிப்பொறியில், 2022-இல் வந்த வென்சுரா பதிப்பு முதல், சிஸ்டம் செட்டிங்ஸில் டெஸ்க்டாப் அண்டு டாக் என்னும் பகுதியில் இவ்விருப்பம் உள்ளது. இவ்வாறு செய்தால் நாம் விரும்பிய உலாவி கேட்பதை நிறுத்தும். நாம் விரும்பாத பிற உலாவிகள் கேட்டுக்கொண்டேதான் இருக்கும். அவற்றின் குறிப்பேடுகளைத் திருத்துதல் அடுத்த வேலை.

பயர்பாக்ஸில் இது மிக எளிது. செட்டிங்ஸில் ஜெனரல் பகுதியில், ஸ்டார்ட்டப் என்னும் தலைப்பின் கீழ், ‘பயர்பாக்ஸ் இயல்பு உலாவியா என்று எப்பொழுதும் சோதிக்க’ என்னும் பொருளுடைய வரி ஒன்றும் அதன் முன் ஒரு சதுரமும் உள்ளன. சதுரத்திலுள்ள குறியை நீக்கிவிட்டால், மறுப்பு நிலையாகப் பதிகின்றது. கேள்விக் கட்டத்திலேயே ‘மீண்டும் காட்டாதே’ என்னும் சதுரம் காணப்படின், அதிற் குறியிட்டபின் மறுப்பதும் தக்கதே.

குரோமில் இத்தகைய சதுரம் அமைப்புப் பக்கத்தில் இல்லை. மேலே தோன்றும் பட்டையின் ஓரத்துப் பெருக்கற் குறியை அழுத்தினால் அப்போதைக்கு மறையும். பின்னொரு நாள் வருதலும் கூடும். நிலையாக நிறுத்த இரண்டு வழிகள் உள. ஒன்று, குரோமைத் திறக்கும் குறுக்குவழிச் சின்னத்தின் பண்புப் பக்கத்தைத் திறந்து, டார்கெட் என்னும் இடத்திலுள்ள வரியின் முடிவில் ஓர் இடைவெளி விட்டு, இரண்டு சிறு கோடுகளை இட்டு, அவற்றை ஒட்டி நோ, டிஃபால்ட், பிரௌசர், செக் என்னும் நான்கு ஆங்கிலச் சொற்களை இடையிடையே ஒவ்வொரு சிறு கோட்டால் இணைத்துச் சிறிய எழுத்தில் எழுதுதல். அச்சின்னத்தின் வழியாகத் திறக்கும்பொழுதெல்லாம் சோதனை நிகழாது; வேறு வழியாகத் திறந்தால் நிகழும். மற்றொன்று, நிறுவனங்களுக்கென்று வகுக்கப்பட்ட கொள்கைக் கட்டளை. ‘டிஃபால்ட் பிரௌசர் செட்டிங் எனேபிள்ட்’ என்று இடைவெளியின்றி எழுதப்படும் கட்டளைக்கு ‘இல்லை’ என்னும் மதிப்பைக் கொடுத்தால், குரோம் ஒருபொழுதும் சோதிக்காது. இதனைச் செய்தபின், ‘இவ்வுலாவி உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகின்றது’ என்னும் வரி பட்டியிற் காணப்படும். அதுகண்டு அஞ்ச வேண்டுவதில்லை. கட்டளை ஒன்று வைக்கப்பட்டுள்ளது என்பதே அதன் பொருள்.

எட்ஜ் உலாவிக்கும் இதே பெயருடைய கட்டளை உண்டு. அன்றியும், இயல்பு உலாவியாகவும் இயல்புத் தேடுபொறியாகவும் தம்முடையவற்றையே வைக்குமாறு தூண்டும் விளம்பரங்களை நிறுத்துதற்கு, ‘டிஃபால்ட் பிரௌசர் செட்டிங்ஸ் கேம்பெயின் எனேபிள்ட்’ என்னும் தனிக் கட்டளையும் வகுக்கப்பட்டுள்ளது. விளம்பரத்தை நிறுத்துதற்குத் தனிக் கட்டளை வேண்டியிருந்தது என்பதே, அது வெறுஞ் சோதனை அன்று என்பதைப் புலப்படுத்தும்.

தொலைபேசிகளின் செய்தி சற்று வேறு. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், ஆப்ஸ், டிஃபால்ட் ஆப்ஸ், பிரௌசர் ஆப் என்னும் வரிசையிற் சென்று உலாவியைக் குறிக்கலாம்; தொலைபேசியை ஆக்கியவருக்கு ஏற்பப் பெயர்கள் சிறிது வேறுபடும். 2019-இல் வெளியான ஆண்ட்ராய்டு 10 முதல், உலாவி இவ்விடத்தை வேண்டினால் இயங்குதளமே முன்வந்து பயனரைக் கேட்கின்றது. ஒருமுறை மறுத்தபின் மீண்டும் கேட்கப்படும்போது, ‘மீண்டும் கேட்காதே’ என்னும் விருப்பமும் உடன் காட்டப்படுகின்றது. மறுப்பை நினைவிற் கொள்ளும் பொறுப்பு கேட்பவரிடம் இன்றி நடுவரிடம் ஒப்புவிக்கப்பட்டது. இது போற்றத்தக்க முறை. ஐபோனில் 2020 செப்டம்பர் வரை இயல்பு உலாவியை மாற்றவே இயலாது. அவ்வாண்டு வந்த ஐஓஎஸ் 14 அவ்வழியைத் திறந்தது. இப்பொழுது செட்டிங்ஸில் ஆப்ஸ் என்பதனுள் டிஃபால்ட் ஆப்ஸ் பகுதியில் மாற்றலாம். ஐரோப்பிய ஒன்றியத்து நாடுகளில், டிஜிட்டல் சந்தைச் சட்டத்தின் விளைவாக, 2024 மார்ச்சு முதல் இவ்விருவகைத் தொலைபேசிகளிலும் தேர்வுத் திரை காட்டப்படுகின்றது. ஆயினும், உலாவி தன் பக்கத்தினுள்ளே தானே காட்டும் விளம்பரத்தை நடுவரும் தடுப்பதில்லை. அவ்வுலாவியை நாம் பயன்படுத்தாதவராயின் அதனை நீக்கிவிடுதலே நேர்வழி.

ஓய்வித்தும் ஓயாவிடின்

இவ்வளவும் செய்தும் கேள்வி தொடருமாயின், காரணம் பெரும்பாலும் பின்வருவனவற்றுள் ஒன்றாக இருக்கும்.

ஒன்று, ஒரே உலாவியின் படிகள் இரண்டு இருத்தல். இரண்டு இடங்களில் நிறுவிய பயர்பாக்ஸ், பெயர் ஒன்றாயினும் முதலேட்டில் இரண்டு ஆட்களாகவே எண்ணப்படும். ஒன்று இயல்பாக இருப்பினும் மற்றொன்று கேட்கும். வேண்டாத படியை நீக்குக.

இரண்டு, குறிப்பு அரைகுறையாக இருத்தல். எச்.டி.டி.பி. முகவரிகளுக்கு ஓர் உலாவியும் எச்.டி.எம்.எல். கோப்புகளுக்கு வேறோர் உலாவியும் குறிக்கப்பட்டிருந்தால், சோதனை நிறைவுறாமற் போகலாம். டிஃபால்ட் ஆப்ஸ் பகுதியில் நான்கு வகைகளும் ஒன்றற்கே உரியனவா என்று நோக்குக.

மூன்று, லினக்ஸ் இயங்குதளத்திற் பெயர் பொருந்தாமை. அங்கு உலாவியின் அடையாளம் டெஸ்க்டாப் என்று முடியும் சிறு கோப்பின் பெயரால் அறியப்படுகின்றது. உலாவியைத் தனியே பதிவிறக்கி வேறொரு பெயருள்ள கோப்பால் திறப்பின், ஆம் என்று எத்துணை முறை விடையிறுத்தாலும் சோதனை பொருந்தாது; கேள்வியும் ஓயாது.

நான்கு, குறிப்பேடே அழிந்துபோதல். நம் போன்ற மாணவருக்கு மிகவும் உரியது இதுவே. கல்லூரிகளிலும் நூலகங்களிலும் உள்ள பொதுக் கணிப்பொறிகள், அணைக்கப்படுந்தோறும் பழைய நிலைக்கே திரும்புமாறு அமைக்கப்படுவது உண்டு. அத்தகைய பொறியில் முந்தின நாள் எழுதிய மறுப்பு மறுநாள் இராது. துப்புரவு செய்யும் சில மென்பொருள்களும் குறிப்பேட்டை அழித்துவிடுகின்றன. இங்கு மாணவர் ஒவ்வொருவரும் நாள்தோறும் மறுப்பதாற் பயன் இல்லை. ஆய்வுக்கூடப் பொறுப்பாளர், பழைய நிலையாகக் காக்கப்படும் அம்மூலப் படியிலேயே கட்டளையை ஒருமுறை வைத்துவிட்டாற் போதும். குரோமுக்கும் எட்ஜுக்கும் உரிய கட்டளையை மேலே கூறினோம். பயர்பாக்ஸுக்கு, அது நிறுவப்பட்ட இடத்தில் டிஸ்ட்ரிபியூஷன் என்னும் உறையினுள் வைக்கப்படும் பாலிசீஸ் என்னும் கோப்பில், ‘டோன்ட் செக் டிஃபால்ட் பிரௌசர்’ என்னும் கட்டளையை இடைவெளியின்றி எழுதி, ‘ஆம்’ என்னும் மதிப்பைக் கொடுக்க வேண்டும். அறுபது பொறிகளில் அறுபது மாணவர் நாள்தோறும் இழக்கும் பொழுதை ஒருவர் ஒரு நாழிகையில் மீட்கலாம்.

மறை என்னும் விடை

சிறு கட்டம் ஒன்றை விலக்குதற்கு இத்துணை நீண்ட ஆராய்ச்சி வேண்டுமோ என்று சிலர் வினவலாம். ஒரு நொடிப் பொழுதே இழப்பாயின் வேண்டுவதில்லை. இழப்பு அதனினும் பெரிது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது நம் பழமொழி. ஆங்கிலம் அறியாத முதியவர் ஒருவர், கட்டத்தில் எழுதியது இன்னதென்று விளங்காமல், அது மறைந்தாற் போதும் என்று பெரிதாகவும் வண்ணமாகவும் தோன்றும் பொத்தானை அழுத்துகின்றார். அவர் இசைந்தார் என்று கணக்கில் எழுதப்படுகின்றது. அவரோ இசையவில்லை, சலித்தார். சலிப்பையும் இசைவையும் ஒன்றாக எண்ணும் முறை உலாவியோடு நிற்பதும் இல்லை. நம் இருப்பிடம், தொடர்புகள், படங்கள் முதலியவற்றைக் கேட்கும் கட்டங்களும் இவ்வழியே நடக்கக் கற்றுக்கொள்ளும். பொருள் அறியாமல் ஆம் என்னும் பழக்கமும் நம் விரலுக்கு ஏறிவிடும்.

வேதாகமத்தில் இடைவிடாது கேட்டவர் இருவரை நாம் அறிவோம். ஒருத்தி, லூக்கா எழுதின சுவிசேஷத்தின் உவமையில் வரும் விதவை. அநீதியுள்ள நியாயாதிபதியிடம் அவள் ஓயாது சென்று கேட்டாள். கேட்டது அவளுக்கு உரிய நீதி. மற்றொருத்தி தெலீலாள். அவளும் நாள்தோறும் சிம்சோனை நெருக்கிக் கேட்டாள். கேட்டது அவனுடைய வலிமையின் மறைபொருள். இருவரும் விடாமற் கேட்டனர். இருவர் முன்னும் கேட்கப்பட்டவர் சலித்தே இணங்கினார். விடாமற் கேட்டல் தன்னளவில் நன்றும் அன்று, தீதும் அன்று. கேட்கப்படும் பொருள் யாருக்கு உரியது என்பதே நன்மை தீமையைப் பிரிக்கின்றது. நம் கணிப்பொறியில் எவ்வுலாவி திறத்தல் வேண்டும் என்று வகுக்கும் உரிமை நம்முடையது. அதனை எளிதாக்கும் பொருட்டு ஒருமுறை கேட்பது பணிவு. மறுத்தபின்னும் மறுத்ததை எண்ணாது கேட்பது நெருக்கடி.

வினாவை ஆறாக வகுத்த நன்னூலார் விடையை எட்டாக வகுத்தார். அவற்றுள் உடன்பட்டுக் கூறுவது நேர். மறுத்துக் கூறுவது மறை. ‘இப்பொழுது வேண்டா’ என்பது அவ்விரண்டனுள் ஒன்றும் அன்று. மறை என்னும் விடைக்கு இடமில்லாத வினா, வினாவின் உருவில் நிற்கும் ஏவலே. கணித்துறையிற் பயிலும் நண்பர்கள் நாளை மென்பொருள் ஆக்கும்போது, ஆம் என்பதற்கு ஒரு பொத்தான் வைக்குமிடத்து, அதே அளவில் இல்லை என்பதற்கும் ஒன்று வைப்பார்களாக; வைத்ததோடு அமையாமல், பெற்ற மறுப்பை மறவாமற் காப்பார்களாக. ஏனையோராகிய நாம், விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, பெற்றோரின் தொலைபேசியிலும் அண்டை வீட்டாரின் கணிப்பொறியிலும் அவர்கள் விரும்பும் உலாவி இன்னதென்று கேட்டறிந்து, அதனைக் குறித்து, பிறவற்றின் கேள்வியை நிறுத்திக் கொடுப்போமாக. கால் மணி நேரத்துப் பணி. அவர்கள் சொன்ன ‘வேண்டா’ என்னும் சொல் அதன்பின் சொன்னபடியே நிற்கும்.